லிஸ்டொபாட் எந்த மாதம்?

லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறோம். என் மகன் கட்டவிருந்த பிள்ளை குரோஷியாக்காரி. கல்யாணப் பதிவுக்கு அவளுடைய பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

"உதுக்கேன் மொழிபெயர்ப்பாளர்? பக்கத்து வீட்டுப் போலந்துக்காரர் செய்வார். ரெண்டும் ஒரே பாஷைதான்" என்றார் என் கணவர். தமிழும் மலையாளமும் ஒன்றுதானே என்று யாரும் கேட்டால் சண்டைக்குப் போகிற மனிசன்!

பிள்ளை பிறந்த மாதம் பாஸ்போர்ட்டில் ஒக்டோபர், போலந்துக்காரர் செய்து தந்த மொழிபெயர்ப்பில் நவம்பர். பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்களோ கார்டுகூடக் கொடுத்து முடித்திருந்தோம்.

"அன்ரி, 'லிஸ்டொபாட்' என்றால் இலை உதிரும் மாதம். எங்களுக்கு அது ஒக்டோபர், போலந்தில் நவம்பர்" என்றாள் அந்தப் பிள்ளை.

குரோஷிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடித்த பிறகுதான் கல்யாணம் நடந்தது. இப்போது மருமகளின் கடுதாசி எதுவென்றாலும் நேரே அவரிடம்தான் போகும். இவர் யோசனை சொல்ல வாய் திறந்தாலே, "லிஸ்டொபாட் எந்த மாதம்?" என்று கேட்பேன்.