கணாதரின் நெற்றி

கணாதர் சிலையின் நாமத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த உளி வழுக்கியது. நெற்றியின் இடப்பக்கம் புருவம்வரை பெயர்ந்தது. துணுக்குகள் சிலையின் விரித்த உள்ளங்கையில், சிமெண்டில் செய்த நெல்மணிகளின்மேல் விழுந்தன.

கோவர்த்தனன் உளியைக் கீழே வைத்தார். வலது கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குத் திறப்பு, மேஸ்திரி" என்றார் வேதாச்சலம். புத்தூர் ரோட்டுக் கல்லூரியில் சமஸ்கிருத ஆசிரியர். கல்லூரி வாசலில் சிலை வைப்பது அவருடைய யோசனை.

கோவர்த்தனன் நகரிப் பக்கத்துக் கரும்புக்காட்டிலிருந்து திருப்பதிக்கு வந்து சுதை வேலை கற்றவர். வளைவுகளிலும் மண்டபங்களிலும் அவர் செய்த பெருமாளும் ஆழ்வார்களும் நிற்கிறார்கள். போன வருஷம் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, கை திரும்பவில்லை. அதன்பின் வந்த முதல் வேலை இது. இது சரியாக அமைந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். மகன் ஹரிபிரசாத் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் அவருக்குச் செக்யூரிட்டி வேலை சொல்லிவைத்திருந்தான். சிலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்.

கணாதரைப் பற்றி அவருக்குச் சொன்னதும் வேதாச்சலம்தான். பழைய காலத்து ரிஷி. அறுப்பு முடிந்த வயலில் சிந்திய மணிகளைப் பொறுக்கித் தின்றவர். எதையும் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் உடையாத துகள் ஒன்று மிஞ்சும் என்று சூத்திரம் எழுதியவர். சிவனே ஆந்தையாக வந்து பாடம் சொன்னதாகக் கதை.

"வூட்ல அரிசி இல்லியா சார்?" என்று கேட்டார் கோவர்த்தனன்.

"யாருக்கும் சொந்தமில்லாததைத்தான் துன்னுவேன்னு இருந்தாரு."

அது அவருக்குப் பிடித்திருந்தது. மணிகளை இடது கையால் ஒவ்வொன்றாக உருட்டி வைத்தார். முகம் முடிந்ததும் கை தானாகப் போய் நெற்றியில் நாமத்தை எடுப்பாக வைத்துவிட்டது. இன்று மதியம் அதைப் பார்த்த வேதாச்சலத்துக்கு வேர்த்துவிட்டது.

"சிவன்கிட்ட படிச்ச ஆளுக்கு நாமமா? காலேஜ் கமிட்டி என்னை உயிரோட துன்னுடும்."

"கைப் பழக்கம் சார். எடுத்துர்றேன்."

அப்படித்தான் உளியை எடுத்தார்.

இப்போது மனைவி ரத்தினம்மா கலவை குழைத்தாள். அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"புடிச்சிக்கினு இருக்கேன்யா. நீ பூசு."

கரண்டி புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. வழித்துவிட்டு மறுபடி பூசினார். மறுபடியும் கண்.

"உன் கை ஆடுதும்மே."

"ஆடறது என் கை இல்லய்யா."

இடது கையால் கலவையை அப்பினார். நெற்றி அடிபட்டு வீங்கியதுபோல் நின்றது. சற்று நேரம் பார்த்துவிட்டுக் கரண்டியைத் தண்ணீர் வாளியில் போட்டார்.

"சந்தனத்த பூசி மாலைய மேல ஏத்திப் போட்டுர்லாம் மேஸ்திரி. யாரு கண்டா?" என்றார் வேதாச்சலம்.

கோவர்த்தனன் மகனுக்குப் போன் போட்டார்.

"அந்த வேலை இன்னும் கீதாடா?"

"கீது நைனா. செலை முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

மறுநாள் சிலையைத் திறந்தார்கள். நெற்றி முழுக்கச் சந்தனம். மூன்று பேர் தெலுங்கில் பேசினார்கள். மாணவர்களுக்கு லட்டு கொடுத்தார்கள். உள்ளங்கையில் கிடந்த துணுக்குகளை யாரும் எடுக்கவில்லை. கோவர்த்தனன் அங்கே போகவில்லை. காலையிலேயே ஸ்ரீசிட்டி போகத் தடா பஸ்ஸில் ஏறிவிட்டார். அங்கே அவருக்குச் செக்யூரிட்டியின் நீலச் சட்டை கொடுத்தார்கள். பொத்தான்களை ஹரிபிரசாத் போட்டுவிட்டான். மதியம் கம்பெனி கேட்டருகே உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார். சாயங்காலம் கல்லூரிப் பக்கம் மழை பெய்தது.