முன்னால் போகச் சொன்னவன்

சத்தியநேசன் பதினாறு வருஷம் சவூதியில், தம்மாமில் டிரெய்லர் லாரி ஓட்டினான். அத்தனை வருஷத்தில் செசிலிக்குப் புருஷன்மேல் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. அவன் ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகுதான் வந்தது.

2011 மார்ச்சில் வந்தான். காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்றான். முன்பெல்லாம் லீவில் வந்தால் கண்ணில் படும் ஜீப்பையெல்லாம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிற ஆள், இந்தத் தடவை ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பைக்கை விற்றான். மாசம் ஒருதடவை கோட்டாற்றில் ஒரு கூட்டுக்காரனை, பழைய சிநேகிதனைப் பார்க்கணும் என்று பஸ் ஏறினான். காலையிலும் சாயங்காலமும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய், தலையை அண்ணாந்துகொண்டு நின்றான். அடுக்களை ஜன்னல் வழியே அதைப் பார்த்த செசிலி, குடிக்கிறான் என்றே முடிவு செய்தாள். ஏதோ எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை.

புதுக்கடைக்குப் பக்கத்து அண்டி ஆபீஸில் அவளுக்கு வேலை. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல்கள் கறுத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கிற அன்னக்கிளி ஒருநாள் கேட்டாள்: “கோட்டாத்துல கூட்டுக்காரன் இருந்தா அவன் ஒருதடவையாவது வீட்டுக்கு வரமாட்டானாட்டி?”

அன்றிலிருந்து செசிலிக்கு அதே யோசனைதான். அங்கே யார்மேலாவது வண்டியை ஏற்றிவிட்டு ஓடி வந்திருப்பானோ? இல்லை, கோட்டாற்றில் இன்னொரு வீடு இருக்குமோ? அவன் குளிக்கப் போனால் சட்டைப் பையைத் தடவினாள். பஸ் டிக்கெட்டைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

ஆவணியில் பணகுடியிலிருந்து போன் வந்தது. சத்தியநேசனின் தங்கை பேத்திக்கு ஞானஸ்நானம். செசிலியின் அக்காள் மகன் பிரைட்டன் அப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். அன்று சாயங்காலமே வந்து நின்றான். “எல்லாரும் ஒண்ணா போவோம் சித்தப்பா. நீங்கதான் ஓட்டணும்.”

அவன் நீட்டிய சாவியைச் சத்தியநேசன் வாங்கவில்லை. “நீங்க போங்க மக்கா. நாங்க ரெண்டுபேரும் சைக்கிள்ல வாறோம்” என்றான்.

பிரைட்டன் சிரித்துவிட்டுப் போனான். செசிலி சிரிக்கவில்லை.

“பணகுடிக்குச் சைக்கிள்லயா? நாப்பது மைலு இருக்கும். கிறுக்கா ஒங்களுக்கு?”

“ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. நீ தெனமும் அண்டி ஆபீசுக்குச் சைக்கிள் சவுட்டுதவதானே.”

“எந்த டாக்டரு?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். அவளுக்கு லேடீஸ் சைக்கிள், அவனுக்கு இரவல் சைக்கிள். கிளம்பும்போது அவன் சொன்னான்: “அந்த மஞ்சச் சேலைய உடுத்து. நீ முன்ன போ, நான் பின்ன வாறேன்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கே நடந்தாலும் பத்தடி முன்னால் போகிறவன் அவன். செசிலி மஞ்சள் சேலையை உடுத்திக்கொண்டாள். மனசுக்குள் மட்டும் கேள்வி அரித்தது. பின்னால் வந்து என்ன செய்யப்போகிறான்? போன் பேசவா?

கருங்கல் ஜங்ஷனில் அவன் இறங்கிச் சைக்கிளை உருட்டினான். திங்கள்சந்தையிலும் உருட்டினான். நாகர்கோவில் தாண்டும்வரைக்கும் பாதி வழி உருட்டல்தான். தெரிந்தவர்கள் யாரையோ பார்த்துப் பதுங்குகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. தோவாளையில் டீ குடித்ததும் புளியமரத்துக்குப் பின்னால் போய் அண்ணாந்து நின்றுவிட்டு வந்தான்.

ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. காற்றாடிகள் சுழல்கிற அந்த வெட்டவெளியில் ஒரு வளைவு வந்தது. இனிப் பொறுக்க முடியாது, கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று செசிலி தீர்மானித்தாள். வளைந்ததும் சட்டென்று ரோட்டை விட்டு இடதுபக்கம் இறங்கி, மண்ணில் சைக்கிளை நிறுத்தினாள். மறைந்துகொள்ள அங்கே மரம்கூட இல்லை. வந்தால் பார்த்துவிடுவான்தான். பார்க்கிற நேரத்தில் அவன் கையில் போன் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

சத்தியநேசன் வந்தான். கையில் போன் இல்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவளைத் தாண்டினான். திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போய்ப் பிரேக் பிடித்து இறங்கினான். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஏட்டி... செசிலி... எங்கட்டி இருக்கே?”

அவள் பதில் சொல்வதற்குள் அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ரோட்டின் நடுவுக்கே வந்துவிட்டான். பக்கவாட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. ஹாரன் கேட்டும் அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவன் நின்றான்.

செசிலி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள்.

“நான் இஞ்சதானே நிக்கேன். ஒங்களுக்குக் கண்ணு காணாதா?”

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“நேரே பாத்தா நல்லா காணும். ரெண்டு சைடும் இருட்டு, குழாய்க்குள்ள பாக்கது மாதிரி. அங்க கம்பெனி கேட்டுல வண்டிய உரசிட்டேன். கண்ணுக்குள்ள பிரஷர்னு சொல்லி அனுப்பிட்டாவ.”

“கோட்டாத்துல?”

“கண்ணு டாக்டரு.”

“கோழிக்கூட்டுக்குப் பொறத்தே?”

“சொட்டு மருந்து.”

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “எனக்கிட்டச் சொன்னா என்ன?”

“டிரைவர்னுதானே என்னைக் கெட்டுனே” என்றான்.

பணகுடி வரைக்கும் அவள் மெதுவாகவே மிதித்தாள். ரோட்டில் குழி வந்தால் குழி என்றும், ஆடு வந்தால் ஆடு என்றும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

தங்கை வீட்டு வாசலில் தங்கை புருஷன் குமாரதாஸ் நின்றுகொண்டிருந்தான். “என்ன மச்சான், காரு இருக்கச் சைக்கிள்ல வந்திருக்கிய?” தங்கை அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

செசிலி முந்திக்கொண்டாள். “எனக்குச் சுகரு. டாக்டர் சைக்கிள் சவுட்டச் சொல்லிட்டாரு. இவுங்க கூட வந்தாவ.”

ஞானஸ்நான விருந்தில் எல்லார் இலையிலும் பாயசம் விழுந்தது. செசிலிக்குத்தான் சுகராச்சே என்று அவள் இலையை மட்டும் தங்கை தன் கையால் மறைத்தாள். பாத்திரம் கழுவும்போது அவளைத் தனியே பிடித்துக்கொண்டு, “மைனி, அண்ணனுக்கு ஒண்ணுமில்லியே? கூப்பிட்டா வேற எங்கயோ பாக்கான்” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் செசிலி. தங்கை நம்பியதாகத் தெரியவில்லை.

திரும்பி வந்தது பஸ்ஸில்தான்; சைக்கிள்கள் பின்னால் ஒரு லோடு வண்டியில் வந்தன. அடுத்த மாசம் அண்டி ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு அவளும் கோட்டாற்றுக்குப் போனாள். போன பார்வை வராது, மிச்சத்தை மருந்தால் நிறுத்தி வைக்கலாம் என்றார் டாக்டர். பிரைட்டனிடமும் தங்கையிடமும் விஷயத்தைச் சொன்னது அவள்தான். பக்கத்தில் இருந்த சத்தியநேசன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு ஜங்ஷனில் ஒரு பஞ்சர் கடையில் உட்கார்ந்தான். டியூபில் ஓட்டை தேட நேர்ப்பார்வை போதும்.

செசிலியின் சந்தேகம் தீரவில்லை, இடம்தான் மாறியது. சில நாள் சாயங்காலம் அவனுக்குப் பக்கவாட்டில் சத்தமில்லாமல் போய் நிற்பாள். “இப்ப என்னைக் காணுதா?”

“காணுதுட்டி” என்பான் அவன்.

அவள் அதை நம்பமாட்டாள். ஒரு எட்டு முன்னால் நகர்ந்து நின்றுகொண்டு, மறுபடியும் கேட்பாள்.