ஞாயிற்றுக்கிழமை உதறல்

சாவியைத் திருப்பியதும் முதலில் என் பற்கள்தான் கிடுகிடுக்கும். பிறகு சீட்டு, கண்ணாடி, முன்னால் ஒட்டியிருந்த மாதா சுரூபம் எல்லாம் சேர்ந்து உதறும். அப்பா பயந்துபோய் உடனே நிறுத்திவிடுவார். எனக்குப் பத்து வயதில், மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலில் நின்ற எங்கள் பழைய காருக்கு வந்த நோய் அது. ஞாயிறு பூசை முடிந்து சிதம்பரத்துக்குக் கிளம்பும்போது மட்டும் வரும். திங்கட்கிழமை அப்பா ஆபீசுக்குப் போகும்போது இருக்காது.

சிதம்பரத்தில் பெரியப்பா வீடு. வாராவாரம் வந்தாக வேண்டும் என்பது அவர் உத்தரவு. அங்கே சமையலறைக்குள் நுழையும் அம்மா சாயங்காலம்தான் வெளியே வருவாள், மீன் ஆய்வதிலிருந்து பாத்திரம் தேய்ப்பதுவரை அவள் தலையில்தான், கூடவே "ஒங்க வூட்ல இதெல்லாம் பழக்கமில்லியா?" என்று பெரியம்மாவின் இடிப்பு வேறு. பஸ்ஸில் போகலாமே என்று யாராவது சொன்னால், "கார் வாங்கிட்டு அண்ணன் வூட்டுக்கு பஸ்ஸுல போயி எறங்கணுமா?" என்று அப்பா சீறுவார். ஆகவே கார் உதறினால் பயணம் இல்லை.

முதல் முறை வந்தது நிஜமான கோளாறு. தெருமுனை மெக்கானிக் வந்து, "இது 'மிஸ்ஸிங்' சார். நாலு சிலிண்டர்ல ஒன்னு வேலை செய்யலன்னா இப்டித்தான் ஒதறும்" என்று பிளக் வயரைக் கழற்றியும் மாட்டியும் காட்டியபோது நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். அவர் சரிசெய்துவிட்டுப் போன பிறகும் மூன்று ஞாயிறு தொடர்ந்து உதறியது. பங்குச் சாமியாரை அழைத்து வண்டியை மந்திரித்தும் பயனில்லை.

நான்காவது ஞாயிறு நானே பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது வயர் பாதி கழன்று நின்றது. அழுத்தி மாட்டிவிட்டு, "இப்ப போடுங்கப்பா!" என்று கத்தினேன். கார் உதறவே இல்லை. அப்பா பாராட்டவில்லை; என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செரி, ஏறுங்க" என்றார்.

ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் அம்மாவின் கட்டைவிரலில் கரியைப் பார்த்தேன். அவள் அதை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். வயரைக் கழற்றிவிட்டது அவள்தான். திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாய் துடித்தது; ஆனால் ஏன் என்று அப்பா கேட்டால் அம்மாவை அல்லவா காட்டிக்கொடுக்க வேண்டும்? பின்சீட்டில் அப்படியே சிதம்பரம்வரை உட்கார்ந்திருந்தேன். அதன்பின் எந்த ஞாயிறும் கார் உதறவில்லை. பெரியப்பா கண்மூடும்வரை ஒரு வாரம்கூடத் தப்பவில்லை.

அந்தக் கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. சிதம்பரத்து வீட்டையும் இடித்துவிட்டார்கள். போன மாதம் என் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டேன்.

"அட போடி. ஒங்கப்பாவுக்கு மொத வாரமே தெரியும். அவருக்கும் அங்க போவப் புடிக்காது, அண்ணங்கிட்ட சொல்ல பயம். நீ கண்டுபுடிச்சிட்ட பொறவு என்னா பண்றது? அப்பறமும் வண்டி ஓடலன்னு சொல்லி, நீ என்னைக்காவது அங்க போயி ஒளறிட்டீன்னா? அதான் வண்டிய எடுத்தாரு."

அப்பா போய் ஆறு வருடமாகிறது. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் என்று அன்றுதான் தெரிந்தது.