கேட்காமல் எழுதிய பெயர்

கடைவீதியில் அவருக்குப் பெயர் போர்டுக்காரர். முப்பத்து நாலு வருஷமாக ஊரார் பெயரையெல்லாம் எழுதி எழுதி, அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்துவிட்டது. தொழிலில் படு சுத்தம். ஏணியில் ஏறினால் வெற்றிலை, பீடி, அரட்டை எதுவும் கிடையாது. ஆனால் ஒரே ஒரு வியாதி உண்டு. கேட்டதை மட்டும் எழுதிவிட்டு இறங்க அவருக்கு மனசு வராது. தன் பங்குக்கு ஏதாவது சேர்த்துவிட்டுத்தான் இறங்குவார். பல் டாக்டர் போர்டில் 'வலிக்காது' என்று சேர்த்தார். டாக்டருக்குக் கூட்டம் கூடியது. தையல்காரர் போர்டில் 'சொன்ன தேதியில் கிடைக்கும்' என்று சேர்த்தார். அந்த மனிதர் ஆறு மாதம் வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் தானே சுண்ணாம்பு பூசி அந்த வரியை மறைத்தார்.

"கேக்காததை எல்லாம் ஏங்க எழுதுறீங்க?" என்பாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

போன மழைக்காலத்தில் அந்த மனைவிக்குப் பித்தப்பையில் கல்லென்று ஆபரேஷன் நடந்தது. தையல் போட்ட இடம் சீழ் பிடித்துக்கொண்டது. அப்போது கை கொடுத்தவர், பின்தெருவில் தனியாக இருக்கும் ரிடையரான நர்ஸம்மா. பத்தொன்பது நாள், சொல்லிவைத்தாற்போல் காலை ஏழு மணிக்கு வருவார். கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, புதுக் கட்டுப் போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார். மனைவி எழுந்து நடந்த அன்று போர்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா."

நர்ஸம்மா கொஞ்சம் யோசித்தார். "எங்க சபை கூடுற கூட்ட வீட்டு போர்டு மங்கிப் போச்சு. நேரம் இருந்தா அதை எழுதிக் கொடுங்க."

நர்ஸம்மாவின் சபை ரொம்பச் சின்னது. அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொள்ளும் கிறிஸ்தவர்கள். ஆங்கிலத்தில் ஃபிரெண்ட்ஸ். எழுதிக் கொடுத்த சீட்டில் 'ஃபிரெண்ட்ஸ் கூட்ட வீடு' என்று மட்டுமே இருந்தது. போர்டுக்காரர் அதை வெள்ளையில் அழகாக எழுதி முடித்தார். முடித்தவர், ஏணியில் நின்றபடியே யோசிக்க ஆரம்பித்தார். ஃபிரெண்ட்ஸ் என்றால் யாருக்கு என்ன புரியும்? சீட்டாடும் கிளப் என்று நினைத்து நாலு பேர் உள்ளே நுழைந்துவிட்டால்? தெருவே அந்த இடத்தைக் குவேக்கர் வீடு என்றுதானே சொல்கிறது! கை சும்மா இருக்குமா? 'குவேக்கர்' என்று ஓரடி உயரத்தில், சிவப்பில் எழுதி, மஞ்சளில் நிழலும் கொடுத்துவிட்டு இறங்கினார். வெள்ளிக்கிழமையே வேலை முடிந்துவிட்டது. ஞாயிறு காலையில்தான் சபையார் வந்து பார்ப்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் வந்தாள். இங்கிலீஷ் டீச்சர். வழியில் போர்டைப் பார்த்திருந்தாள்.

"அப்பா, அந்தச் சிவப்பு எழுத்து அவங்க கேட்டதா, நீங்களா போட்டதா?"

"நானாத்தான் போட்டேன். ஏன், நல்லா இல்லையா?"

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா அது அவங்களா வெச்சுக்கிட்ட பேரு இல்லப்பா. குவேக்னா நடுங்குறது. 'கடவுள் வார்த்தைக்கு முன்னால நடுங்குங்க'ன்னு அவங்க சொல்லப் போக, 'ஓஹோ, நடுங்குற கூட்டமா நீங்க'ன்னு யாரோ ஒரு நீதிபதி நக்கலா சொன்னாராம். முந்நூறு நானூறு வருஷக் கதை. அகராதியிலயே போட்டிருக்கு."

மனைவி விடுவாளா?

"என் புண்ணைக் கழுவின கைக்கு நீங்க செய்ற மரியாதை இதுதானா? கேலிப் பேரை ஓரடி உயரத்துல எழுதினதும் இல்லாம, நிழல் வேற கொடுத்திருக்கீங்க! அந்தம்மா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

நன்றி சொல்லப் போய் வசவை எழுதி வைத்துவிட்டோமே என்று அவர் மனம் குமைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அழிக்கும் டர்பன்டைன் டப்பாவும் பழந்துணியுமாகக் கிளம்பினார். சொல்லாமல் கொள்ளாமல் அழித்தால் அது இன்னொரு அதிகப்பிரசங்கித்தனம். முதலில் மன்னிப்பு, பிறகு டர்பன்டைன் என்று திட்டம். ஆனால் அவர் போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டு பேரும் போர்டைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸம்மா அவரைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் கையால் காட்டினார். பேசவில்லை.

வேறு யாரும் பேசவில்லை. நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. மேடை இல்லை, போதகர் இல்லை, பாட்டு இல்லை. ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். அங்கே வழிபாடே மௌனம்தான். யாருக்காவது மனசுக்குள் ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்வார்கள். மற்றவர்கள் பதில் பேசாமல் கேட்டுக்கொள்வார்கள். ஊரறிந்த இந்த விஷயம், வெளிச்சுவரோடு வேலையை முடித்துக்கொண்ட போர்டுக்காரருக்கு மட்டும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பன்னிரண்டு பேர் தன்மேல் இருக்கிற கோபத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடிகாரம் பத்து நிமிஷம் நகர்ந்தது. பதினைந்து நகர்ந்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்தார்.

"ஐயா, அம்மா, எல்லாரும் என்னை மன்னிச்சுக்கணும். அது கேலிப் பேருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இந்தம்மா இல்லன்னா இன்னைக்கு என் வீட்டுல விளக்கேத்த ஆள் இல்ல. அவங்களைப் போய் நான் கேலி பண்ணுவேனா? நல்லது செய்றதா நெனச்சு எழுதிட்டேன். இப்பவே அழிச்சுடுறேன்."

யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பெரியவர் மட்டும் மெதுவாகத் தலையசைத்தார். போர்டுக்காரர் நின்று பார்த்தார். பிறகு தொப்பென்று உட்கார்ந்தார். தீர்ந்தது கதை, இவர்கள் மன்னிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டார். இன்னும் நாற்பது நிமிஷம் அப்படியே போயிற்று. முப்பத்து நாலு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவர் எழுதாமலும் பேசாமலும் இருந்ததே இல்லை.

பிறகு திடீரென்று அந்தப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் எல்லாருடைய கையையும் குலுக்க ஆரம்பித்தார்கள். போர்டுக்காரரின் கையையும் ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"கோபம் இல்லையாம்மா?" என்றார் நர்ஸம்மாவிடம்.

"கோபமா? சாமி கும்பிடுறதே எங்களுக்கு இப்படித்தாங்க. சும்மா உக்காந்திருப்போம். கை குலுக்கினா கூட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அப்ப அந்தப் பேரு?"

"திட்டுறதுக்கு வெச்ச பேருதான். ஆனா திட்டினவங்க போயிட்டாங்க, பேரு எங்ககிட்டயே தங்கிடுச்சு. காகிதத்துல எழுதுறப்ப ஃபிரெண்ட்ஸ். யாராவது நீங்க யாருன்னு கேட்டா, குவேக்கர்னு நாங்களே சொல்லிக்கிறோம். நீங்க எதையும் அழிக்க வேண்டாம். நிழல் ரொம்ப நல்லா இருக்கு."

போர்டுக்காரருக்கு நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் கவனித்தார், நர்ஸம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"ஏம்மா, நான் ஏதாவது தப்பா…?"

"இல்லங்க. அந்தப் பேரைச் சொல்லி எங்க முன்னோர்களை அடிச்சிருக்காங்க, ஜெயில்ல போட்டிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு, அதுக்காக எங்ககிட்ட வந்து மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."