ஜன்னல் பக்கம் நின்றவர்கள்

நனைந்த சாக்கும் பழைய காப்பிக்கொட்டையும் கலந்த ஒரு புளிச்ச வாடை அந்தக் கொட்டகையை விட்டுப் போகவே இல்லை. காப்பி அழிந்து தேயிலை வந்த பிறகு வெறுமனே கிடந்த அந்த ஸ்டோரைத்தான், பதுளையிலிருந்து வந்த இளம் வாத்தியார் எங்கள் தோட்டத்துக்குப் பள்ளிக்கூடமாக்கினார்.

ஞாயிறு பிற்பகலில் அவர் பெரியவர்களையும் அங்கே கூட்டி உட்காரவைப்பார். கோழிச் சண்டை, விறகுச் சண்டை, எதுவானாலும் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. பிறகு எல்லோரும் சேர்ந்து முடிவு சொல்ல வேண்டும். முதல் வாரம், சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார், எல்லோரும் தூக்கினார்கள். சம்மதியாதவர்கள் என்றார், அதற்கும் எல்லோரும் தூக்கினார்கள். "கை தூக்காட்டி பேரு விழாதுங்களே, வாத்தியாரய்யா!" என்றார் ஒரு கிழவர். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் "பெரட்டில்" பேர் கூப்பிடும்போது கை தூக்கியே பழகிய ஜனங்கள். அதன்பின் சம்மதமென்றால் கதவுப் பக்கம், இல்லையென்றால் ஜன்னல் பக்கம் நிற்பது என்று வாத்தியார் மாற்றிவிட்டார்.

ஒரு ஞாயிறு ராமாயி எழுந்து பேசினாள். அவளுக்கு எட்டு மாதம். எங்கள் குடியிருப்பு வரிசைகளில் மேட்டு லயத்துப் பெண்கள் பிடித்து முடித்த பிறகுதான் அவள் இருந்த பள்ளத்து லயத்துக்கு மலை ஊற்றுப் "பீலி"யில் தண்ணீர் கிடைக்கும்; அதுவரை ஓடைதான். பிள்ளை பிறக்கும்வரை இரண்டு குடம் முதலில் பிடித்துக்கொள்ள விடவேண்டும், ஓடைக்குள் இறங்கி ஏற முடியவில்லை என்று கேட்டாள்.

என் அப்பா அங்கே கங்காணி. "புள்ளத்தாச்சி கேக்குறா, குடுத்துட்டுப் போவோம்" என்று அன்று காலை அவர் என் அம்மாவிடம் சொன்னதை என் காதால் கேட்டிருந்தேன். ஆனால் வாத்தியார் பக்கம் பிரியச் சொன்ன நேரத்தில் அப்பாவின் வாய் நிறைய வெற்றிலை. துப்புவதற்காக எழுந்து ஜன்னலுக்குப் போனார். அவர் குனிந்து துப்பி நிமிர்வதற்குள், அவர் கீழ் வேலை செய்த அத்தனை பேரும் அவர் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள், ராமாயியின் புருஷன் உட்பட.

கதவருகே அவள் மட்டும் நின்றாள்.

"எல்லாரும் யோசிச்சுத்தானே நிக்கிறீங்க?" என்று வாத்தியார் கேட்டார்.

"கங்காணியய்யா துப்பிட்டாரு, இவங்க யோசிச்சிட்டாங்க" என்றாள் ராமாயி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. அப்பாவின் முகம் இறுகிவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார். நான் பத்து வயதுப் பையன். நீங்க துப்பத்தானே போனீங்க என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை.

அவள் ஓடைக்கே போனாள். ஒருநாள் வழுக்கி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. ஞாயிற்றுக் கூட்டம் அந்த வாத்தியாரோடு போயிற்று; அதை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட அதிகம் பேர் இல்லை.

நான் பதுளையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். மூத்த மகளுக்குப் பண்டாரவளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது, என் அப்பாவைப்போல இருக்கக் கூடாதென்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று முறையாகத்தான் கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். அவளும் சொன்னாள்.

போன வியாழக்கிழமை அவளைக் காணவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா அவளைக் கூட்டிவந்து விட்டு, "புள்ளைய ஏசாதீங்கய்யா" என்று சொல்லிப் போனார். மொனராகலைக்குப் போகும் வண்டிக்காரர்களிடம் வழி கேட்டுக்கொண்டு நின்றாளாம்.

நான் ஏசவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லணும்னுதாம்ப்பா இருந்தேன். நீங்க கேக்கும்போதே தலையாட்டிட்டீங்க" என்றாள்.

நான் தலையாட்டியது எனக்கு நினைவில்லை.