ஆச்சி வீட்டுக் காரின் சூடான பானட்

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். கை பஸ்ஸைக் கழற்றினாலும் மனசு ரேஸில்தான் இருக்கும். மெட்ராஸ் பக்கம் பழைய விமான ஓடுதளம் ஒன்றில், சொந்தக் கார் உள்ளவர்கள் கட்டணம் கட்டி ஓட்டலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாட்டு வண்டி குறுக்கே வராத ரோட்டில், ஒரே ஒரு நாள், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துவிட வேண்டும். அதற்காக மூன்று வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது இரண்டாயிரத்து நானூறு ரூபாய். டயர், பிரேக் லைனிங், பெட்ரோல், ஹெல்மெட் என்று அறுநூறு போனால் காருக்கு மிஞ்சுவது ஆயிரத்து எண்ணூறு.

திருமயம் பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஆச்சி, காலமான கணவரின் இரண்டு கதவுக் காரை விற்பதாகத் தெரிந்தது. விலை ஆயிரத்து நானூறு. கேட்டதுமே எனக்கு உறுத்தியது. நல்ல வண்டியை எவராவது இவ்வளவு மலிவாகக் கொடுப்பார்களா?

காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். கார் பளபளவென்று இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆச்சி "வாங்க தம்பி" என்று சொல்லி முடிப்பதற்குள் பானட்டில் கை வைத்தேன். சுட்டது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் எஞ்சினை, வாங்குகிறவன் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைப்பது பழைய தந்திரம். நானே அப்படி இரண்டு வண்டிகளை விற்றுக் கொடுத்திருக்கிறேன்.

"வண்டிய எடுத்தீங்களா ஆச்சி?"

"ஆமா தம்பி, டிரைவரோட கோவில் வரைக்கும் போயிட்டு வந்தோம். வீட்ட விட்டுப் போற வண்டி, சாமிகிட்டக் காட்டாம எப்படி அனுப்புறது?"

கண்ணாடியில் குங்குமம், பம்பரில் எலுமிச்சம்பழம், ஆச்சியின் நெற்றியில் விபூதி. சாட்சிகளைப் பக்காவாக ஜோடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே ஆச்சிக்குப் புரிந்துவிட்டது.

"ஓடாத வண்டிய ஒங்க தலையில கட்டிட்டு நான் எங்கிட்டு ஓடி ஒளியப் போறேன்?"

"யோசிச்சுச் சொல்றேன் ஆச்சி" என்று நழுவிவிட்டேன்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் என் சாமர்த்தியத்தை வாய் ஓயாமல் அளந்தேன். என்னைப் போலவே ரேஸ் பைத்தியமான எலெக்ட்ரீஷியன் மட்டும் சிரிக்காமல் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம் அந்தக் காரிலேயே வேலைக்கு வந்தான். ஏமாந்துவிட்டானே என்று நிஜமாகவே இரக்கப்பட்டேன்.

நான் திருச்சியில் ஒரு புரோக்கரிடம் வாங்கினேன். பானட் சில்லென்று இருந்தது, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆயிரத்து எண்ணூறையும் கொடுத்துவிட்டேன்.

ஓடுதளத்தில் மூன்றாவது சுற்றிலேயே என் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். எலெக்ட்ரீஷியன் ஓட்டிய ஆச்சியின் கார் ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டிப் போனது. எனக்கு அழுகை வந்தது. பொறாமையும்தான்.

சாயங்காலம் அவனிடம், "எத நம்பி வாங்குனே?" என்று சிடுசிடுத்தேன்.

"நான் எங்க நம்புனேன்? ஒன்னவிட எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. நேரா அந்தக் கோவிலுக்குப் போயி குருக்கள்கிட்டக் கேட்டேன். ஆமா, அன்னைக்குக் காலையில அந்தக் காருக்கு நான்தான் பூசை போட்டேன்னாரு."

அன்று ஆச்சி வீட்டிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நான் உட்கார்ந்திருந்தது அந்தக் கோவில் வாசலில்தான்.