திருப்பி அனுப்பச் சொன்ன பனியன்

அமெரிக்கத் தேர்தல் எனக்கு முதலிபாளையத்தில்தான் நடந்தது. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கும் பேக்கிங்குக்கும் நான் பொறுப்பு. அந்த நாட்டு அரசியல் மொத்தமும் என் மேசையில் இரண்டு பனியனாக வந்து விழுந்தது. சிவப்புப் பனியனின் நெஞ்சில் 'வந்தவர்களைத் திருப்பி அனுப்பு' என்று ஆங்கிலத்தில் அச்சு. நீலத்தில் 'வந்தவர்களுக்கும் இதுதான் வீடு'. அனுமதியில்லாமல் குடியேறியவர்களை விரட்டுவோம் என்கிற கூட்டத்துக்கு ஒன்று, அவர்களுக்குக் குடியுரிமை வாங்கித் தருவோம் என்கிற கூட்டத்துக்கு மற்றது. இரண்டு ஆர்டரையும் ஒரே ஏஜென்ட்தான் பிடித்துக் கொடுத்தான். ஒரே துணி, ஒரே அளவு, ஒரே தையல்.

"இதுல நாம எந்தக் கட்சிங்க சார்?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"நாம காட்டன் கட்சிங்க அம்மிணி" என்று சிரித்தார்.

தேர்தலுக்குத் தேர்தல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்துகிறோம் என்று அங்கே இரண்டு கட்சிக்காரர்களும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். திருத்தமாட்டார்கள். திருத்திவிட்டால் அடுத்த தேர்தலுக்குப் பனியனில் எதை அச்சடிப்பது? அந்நியன் வேண்டாம் என்று சொல்லக்கூட அவர்களுக்கு அந்நியன் தைத்த பனியன் வேண்டியிருக்கிறது. வெட்கம்கெட்டவர்கள் என்று அப்போது நினைத்தேன். வெட்கம்கெட்டவர்களைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தப்பு பேக்கிங்கில் நடந்தது. ஒரே மாடல் இரண்டு கலரில் வந்தால், பெட்டிக்குள் இரண்டையும் கலந்து அடுக்குவதுதான் எங்கள் வழக்கம். அதை அசார்ட் என்போம். நான் ஒரு கல்யாணத்துக்காகச் சாமளாபுரம் போயிருந்த அன்று, முதலாளியே பேக்கிங் மேசைக்கு வந்து, "ரெண்டு கலர்தானே, அசார்ட் போட்டு உட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேசையில் நின்றவன் மேற்கு வங்காளத்துக்காரன், வருஷக்கணக்காக எங்களிடம் இருப்பவன். அவனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. முதலாளிக்குத் தெரியும், ஆனால் படித்துப் பார்க்கவில்லை. சொன்னபடியே சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று அவன் அடுக்கி ஒட்டிவிட்டான்.

கடைசிச் சோதனைக்கு வந்த ஏஜென்டின் ஆள் ஒரு பெட்டியைப் பிரித்தான். விரட்டச் சொல்கிறவர்களும் வரவேற்கச் சொல்கிறவர்களும் ஒருவர்மேல் ஒருவர் படுத்துக் கிடந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அமெரிக்காவில் எவனாலும் முடியாத சமரசத்தை எங்கள் முதலாளி அட்டைப்பெட்டிக்குள் செய்து முடித்திருந்தார்.

எல்லாப் பெட்டியையும் பிரித்து மறுபடி அடுக்கினோம். கப்பல் தவறிவிட்டது. ஏஜென்டுக்குக் காட்ட முதலாளிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. "இங்க ஒரு பங்களாதேஷ்காரன் இருக்கறானுங்க, வேணும்னே பண்ணிப்போட்டான்" என்று போனில் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அவன் பங்களாதேஷ்காரன் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். வேலைக்குச் சேர்த்தபோது அவனுடைய ஆதாரையும் ஓட்டர் கார்டையும் வாங்கிப் பார்த்தவரே அவர்தான்.

எல்லை தாண்டி வந்தவர்களைத் தேடி, தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகளில் போலீஸ் சோதனை நடந்துகொண்டிருந்த சமயம் அது. முதலாளி விட்ட வார்த்தை டீக்கடை வழியாக ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. பேச்சு வங்காளி, பெயர் முஸ்லிம் பெயர், அவனைப் பிடித்துக்கொண்டு போக அது போதுமாக இருந்தது. கார்டுகளைக் காட்டினானாம். இதெல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும், உன் முதலாளி வந்து சொல்லட்டும், விட்டுவிடுகிறோம் என்றார்களாம்.

அவன் மனைவி எங்களிடமே நூல் பிசிர் வெட்டுகிறவள். கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மரியாதையெல்லாம் எங்கள் ஊர்த் தமிழில்தான் கற்றிருந்தாள், 'அக்கா' மட்டும் அவள் மொழியில். "ஏனுங்க தீதி, மொதலாளி ஒரு வார்த்தை சொன்னா உட்டுருவாங்களாங்க?"

"உட்டுருவாங்க. இரு, கூட்டீட்டு வாறேன்" என்று உள்ளே போனேன்.

முதலாளி வீடியோ காலில் இருந்தார். அந்தப் பக்கம் அவருடைய தங்கச்சி மகன். ஆள் கடத்துகிற ஒரு ஏஜென்டுக்குக் கொட்டிக் கொடுத்து, எந்தெந்த நாடோ சுற்றி, அமெரிக்க எல்லையில் சுவரேறிக் குதித்தவன். இங்கே சொந்தக்காரர்கள் வாயில் அவன் 'அமெரிக்காவுல செட்டில் ஆனவன்'. பெட்ரோல் பங்கில் வேலை, அதற்கும் கொஞ்ச நாளாக ஒளிந்து ஒளிந்துதான் போகிறான்.

"யாரு கதவைத் தட்டுனாலும் தெறக்காதே கண்ணு" என்று முதலாளி கலங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க பங்க் மொதலாளி தங்கமான மனுசன். அவரு உன்னையக் காட்டிக் குடுக்கமாட்டாரு."

"சார், ஸ்டேஷனுக்கு ஒரு நிமிசம் வாங்க. அவன் நம்ம ஆளுன்னு சொன்னாப் போதுமாம்" என்றேன்.

"அந்த வம்பு நமக்கெதுக்குங்க அம்மிணி? சட்டம்னு ஒன்னு இருக்குதுங்கள்ல."

"யாரை மாமா புடிச்சுட்டாங்க?" என்றது போன்.

"அது ஒன்னுமில்ல கண்ணு. திருட்டுத்தனமா வந்த ஒருத்தன்."

அந்தப் பக்கம் கால் கட்டாகிவிட்டது. "சிக்னல் இல்லீங்க போல" என்று முதலாளி போனைத் தட்டிப் பார்த்தார். வாயில் வந்ததை நான் விழுங்கவில்லை. "நீங்கல்லாம் ஒரு மனுசனுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நானே போனேன். "நீங்க ஓனரா?" என்றார்கள். இல்லை என்றதும் பெஞ்சைக் காட்டினார்கள். அவனுடைய ஊரிலிருந்து அண்ணன் பஞ்சாயத்துச் சான்றிதழோடு ரயிலேறி வந்து சேரும்வரை அவனை விடவில்லை. வெளியே வந்தவன் கம்பெனிப் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனோடும் மனைவியோடும் அன்றைக்கே ரயிலேறிப் போய்விட்டான்.

மறுநாள் பேக்கிங் மேசை காலியாக இருப்பதை முதலாளி பார்த்தார். "இத்தனை வருசம் சோறு போட்டனுங்க. போறேன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போகோணும்னு தோணுச்சுங்களா அவனுக்கு?" என்றார். முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை, மனுஷனுக்கு நிஜமாகவே மனம் புண்பட்டிருந்தது.